கொரோனா பேட்ச் டிகிரி செல்லுமா? 2020-ல இருந்து 2022 வரைக்கும் நம்ம யூனிவர்சிட்டிகள்ல என்னதான் நடந்துச்சு

"கொரோனா பேட்ச்"னு ஒரு பேரு ஒட்டிக்கிச்சு. 2020, 2021-ல டிகிரி முடிச்சவங்க, அந்த நேரத்துல ஃபர்ஸ்ட் இயர் செகண்ட் இயர் படிச்சிட்டு இருந்தவங்க, எல்லாரையும் சேத்து ஒரே முத்திரை. பரீட்சையே எழுதாம ஆல் பாஸ் போட்டுட்டாங்கன்னு ஒருத்தர் சொல்வாரு, அரியர் எல்லாம் முதலமைச்சரே கிளியர் பண்ணிட்டாருன்னு இன்னொருத்தர், அதை கோர்ட் கேன்சல் பண்ணிடுச்சே தெரியாதான்னு மூணாவது ஆள். இதுல பாதி சரி, பாதி தப்பு, மீதி எல்லாம் ரெண்டு மூணு வேற வேற விஷயத்தை ஒரே சட்டியில போட்டு கிண்டினது. அண்ணா யூனிவர்சிட்டியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தையும் உதாரணமா வெச்சுக்கிட்டு அடியில இருந்து பாத்துட்டு வரலாம்.

முதல்ல, யூனிவர்சிட்டி என்ன வேலை பாக்குது

யூனிவர்சிட்டின்னா பாடம் நடத்துற இடம்னு நெனைக்கிறோம். தமிழ்நாட்டுல பெரும்பாலான ஸ்டூடன்ட்ஸுக்கு அப்படி இல்ல. அண்ணா யூனிவர்சிட்டிக்கு கிண்டி, குரோம்பேட்டைன்னு சொந்தமா நாலு கேம்பஸ் காலேஜ்தான், ஆனா அதுக்குக் கீழ இணைப்புல இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ் நூத்துக்கணக்குல இருக்கு. அந்த காலேஜ்ல படிக்கிற பையன் நாலு வருஷத்துல ஒரு தடவை கூட கிண்டி கேட்டைத் தாண்டாம டிகிரி வாங்கிடலாம். பாடம் நடத்துறது காலேஜ். சிலபஸ் போடுறது, கேள்வித்தாள் எடுக்கிறது, பேப்பர் திருத்த கேம்ப் போடுறது, மார்க்ஷீட் அடிக்கிறது, இதெல்லாம்தான் யூனிவர்சிட்டி.

இதை மனசுல வெச்சுக்கணும், ஏன்னா கொரோனா வந்தப்போ பாடம் நடத்துறது ரெண்டு மூணு வாரத்துல ஆன்லைனுக்கு மாறிடுச்சு (எந்த லட்சணத்துல மாறுச்சுங்கிறது வேற விஷயம்), அட்மிஷனும் எப்படியோ நடந்துடுச்சு, ஆனா பரீட்சையை எப்படி நடத்துறதுன்னு மட்டும் ரெண்டு வருஷம் முட்டி மோதிட்டே இருந்தாங்க. நம்ம யூனிவர்சிட்டி அடிப்படையில ஒரு பரீட்சை மெஷின், அந்த மெஷின் நின்னா மத்ததெல்லாம் ஓடினாலும் டிகிரி வெளிய வராது.

சில வார்த்தைகளை இங்கயே தெளிவு பண்ணிக்கலாம்.

1. இன்டர்னல், எக்ஸ்டர்னல். இன்டர்னல் காலேஜே போடுற மார்க், எக்ஸ்டர்னல் யூனிவர்சிட்டி நடத்துற செமஸ்டர் எக்ஸாம். அண்ணா யூனிவர்சிட்டி இணைப்புக் காலேஜ்கள்ல அப்போ இருந்த 2017 ரெகுலேஷன்படி இன்டர்னலுக்கு 20, எக்ஸ்டர்னலுக்கு 80. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்கள்ல 25, 75.

2. அரியர். ஃபெயில் ஆன பேப்பர் அடுத்த செமஸ்டருக்கு கூடவே வர்றது. பசங்க பாஷையில "கப்பு". இப்போ நிலுவையில இருந்தா ஸ்டாண்டிங் அரியர், முன்னாடி இருந்து அப்புறம் கிளியர் ஆயிருந்தா ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனி ரெண்டையும் தனித்தனியா கேக்கும்.

3. ப்ரமோஷன், பாஸ். மொத்தக் குழப்பத்துக்கும் இதுதான் வேர். ப்ரமோஷன்னா அடுத்த செமஸ்டருக்கு ஏத்தி விடுறது, அவ்ளோதான், ஃபெயில் ஆன பேப்பர் அப்படியே கூட வரும். பாஸ்னா அந்த பேப்பர் முடிஞ்சுது, மார்க்ஷீட்ல ஏறிடும். ஸ்கூல்ல ஆல் பாஸ்னா ரெண்டும் ஒண்ணுதான், காலேஜ்ல ஒண்ணு இல்ல.

யார் சொன்னா யார் கேக்கணும்

அரசியல் சட்டத்துல கல்வி முதல்ல மாநிலப் பட்டியல்ல இருந்துச்சு, 1976-ல 42-வது திருத்தத்துல பொதுப் பட்டியலுக்குப் போச்சு. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். ஆனா உயர்கல்வியோட தரத்தை நிர்ணயிக்கிறது மட்டும் மத்தியப் பட்டியல்ல 66-வது இனமா தனியா உக்காந்திருக்கு. அதுக்காகத்தான் 1956 சட்டத்துல யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), 1987 சட்டத்துல டெக்னிகல் படிப்புகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு).

சாதாரண நாள்ல இது யாருக்கும் உறைக்காது. ஆனா 2020-ல கூடவே இன்னொரு சட்டமும் வந்து நின்னுச்சு, 2005-ம் வருஷத்து பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதை வெச்சு மாநில அரசு காலேஜை மூடலாம், கூட்டம் கூடுற எதையும் நிறுத்தலாம், பரீட்சையும் கூட்டம் கூடுற விஷயம்தானே. அப்போ கேள்வி இதுதான்: பரீட்சையைத் தள்ளி வைக்கிற அதிகாரம் இருக்கிறவங்களுக்கு, பரீட்சையே இல்லாம பாஸ் போடுற அதிகாரமும் இருக்கா?

2020-ல எது எப்போ நடந்துச்சு

1. மார்ச் 17-ல இருந்து தமிழ்நாட்டுல ஸ்கூல் காலேஜ் எல்லாம் மூடினாங்க, மார்ச் 31 வரைக்கும்தான்னு சொல்லி. 25-ம் தேதி நாடு முழுக்க லாக்டவுன். ஏப்ரல்/மே செமஸ்டர் எக்ஸாம் நடக்க வேண்டிய நேரம் அது.

2. ஏப்ரல் 29 யூஜிசி வழிகாட்டுதல். கடைசி செமஸ்டர்ல இருக்கிறவங்களுக்கு ஜூலைல பரீட்சை. நடுவுல இருக்கிறவங்களுக்கு நெலமை சரியில்லைன்னா பரீட்சை வேண்டாம், 50 சதவீதம் இன்டர்னல், 50 சதவீதம் முந்தின செமஸ்டர் பர்ஃபாமென்ஸ்னு கணக்குப் போட்டுக்கலாம், முந்தின மார்க்கே இல்லாதவங்களுக்கு முழுக்க இன்டர்னல். கூடவே இன்னொண்ணும் சொல்லியிருந்தாங்க, அதை யாரும் கவனிக்கல: ஃபெயில் ஆன பேப்பரைத் தூக்கிட்டே எல்லாரும் அடுத்த வருஷத்துக்குப் போகலாம், அந்த பேப்பரை அடுத்து எப்போ பரீட்சை நடக்குதோ அப்போ எழுதி முடிச்சுக்கணும். ப்ரமோஷன் உண்டு, பாஸ் கெடையாது.

3. ஜூலை 6 திருத்தின வழிகாட்டுதல். கடைசி செமஸ்டர் பரீட்சையை செப்டம்பர் முடியறதுக்குள்ள நடத்தியே ஆகணும், நேர்லயோ ஆன்லைன்லயோ ரெண்டும் கலந்தோ.

4. ஜூலை 23 முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவிப்பு. கடைசி செமஸ்டர் தவிர மத்தவங்களுக்கு அந்த செமஸ்டர் பரீட்சை ரத்து.

5. ஆகஸ்ட் 26 இன்னொரு அறிவிப்பு. அரியர் பேப்பருக்கு எக்ஸாம் ஃபீஸ் கட்டியிருந்தா எழுத வேண்டாம், பாஸ். கடைசி செமஸ்டர் பேப்பருக்கு மட்டும் இது பொருந்தாது.

6. ஆகஸ்ட் 28 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. இது நாடு முழுக்க கடைசி செமஸ்டர் பத்தின கேஸ். பேரிடர் சட்டத்தை வெச்சு மாநிலம் பரீட்சையைத் தள்ளி வைக்கலாம், தள்ளி வெச்சா யூஜிசிகிட்ட கூடுதல் டைம் கேக்கலாம், ஆனா கடைசி வருஷ பரீட்சை இல்லாம டிகிரிக்கு ஏத்தி விடுற அதிகாரம் மாநிலத்துக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க.

அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ரெண்டே நாள். அதனாலதான் நிறைய பேரு "அரியர் பாஸை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. அந்தத் தீர்ப்பு அரியரைப் பத்தினது இல்ல. அரியர் கேஸ் சென்னை ஹைகோர்ட்ல தனியா ஓடுச்சு.

அரியர் ஆல் பாஸ் ஏன் சிக்குச்சு

நாலாவது அறிவிப்பையும் அஞ்சாவது அறிவிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நாலாவதுக்கு பின்னாடி யூஜிசி ஃபார்முலா இருக்கு, மார்க் போட ஒரு ஆதாரம் இருக்கு. அந்த செமஸ்டர் இன்டர்னல் இருக்கு, முந்தின செமஸ்டர்ல அவன் எப்படி எழுதினான்னு ரெக்கார்டு இருக்கு, ரெண்டையும் கூட்டி பாதி பாதியா போட்டா ஒரு நம்பர் வரும். அது நியாயமான நம்பரான்னு சண்டை போடலாம், ஆனா நம்பர்னு ஒண்ணு வருது.

அரியர் பேப்பர்ல என்ன பண்ணுவீங்க? முந்தின பர்ஃபாமென்ஸை எடுத்துப் பாத்தா அது ஃபெயில்தானே, அதனாலதான அரியர். ஃபார்முலாவை அப்படியே ஓட்டினா மெஷின் திரும்பவும் "ஃபெயில்"னுதான் சொல்லும். அப்போ பாஸ் மார்க்கை எங்கிருந்தாவது கொண்டு வந்துதான் போடணும், அந்த "எங்கிருந்தாவது"க்கு எந்த வழிகாட்டுதல்லயும் ஒரு வரி கூட கெடையாது. இன்னொண்ணு, ஃபீஸ் கட்டியிருந்தா பாஸ், கட்டலைன்னா இல்லைங்கிறது பாக்க வினோதமா இருந்தாலும் அதுல ஒரு நிர்வாக லாஜிக் இருக்கு, ஃபீஸ் கட்டினாத்தான் அவன் அந்த பரீட்சைக்கு பதிவு பண்ணவன்னு அர்த்தம். ஆனா ஒரே பேப்பர்ல ஒரே மார்க்ல போன ரெண்டு பேர்ல ஒருத்தன் பாஸ் ஒருத்தன் ஃபெயில், காரணம் மார்ச் மாசம் கையில காசு இருந்துச்சா இல்லையாங்கிறதுதான்னு ஆகும்போது இது படிப்பைப் பத்தின முடிவுன்னு யாரையும் நம்ப வைக்க முடியாது.

ஊரெல்லாம் முதலமைச்சருக்கு நன்றி போஸ்டர் ஒட்டினாங்க. அடுத்த வருஷம் எலெக்‌ஷன் வேற.

அறிவிப்பு வந்த கொஞ்ச நாள்லயே அப்போ அண்ணா யூனிவர்சிட்டி துணைவேந்தரா இருந்த சூரப்பாவுக்கு ஏஐசிடிஇ-ல இருந்து இதை ஏத்துக்க முடியாதுன்னு மெயில் வந்துச்சு. முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமியும், வக்கீல் ஒருத்தரும் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. அங்க யூஜிசி, ஏஐசிடிஇ ரெண்டு பேருமே பரீட்சை இல்லாம பாஸ் போடுறது எங்க விதிக்கு ஒத்து வராதுன்னாங்க. 2021 ஏப்ரல்ல ஹைகோர்ட், பரீட்சையே இல்லாத பாஸை ஏத்துக்க முடியாது, யூஜிசியோட பேசி ஏதோ ஒரு வகையில பரீட்சை நடத்துற வழியைப் பாருங்கன்னு சொல்லிடுச்சு. ஆக அரியர் மாணவர்கள் போஸ்டர் ஒட்டினதுல இருந்து கோர்ட் வாய் திறக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட எட்டு மாசம் "நாம பாஸா இல்லையா"ன்னே தெரியாம இருந்தாங்க. அந்த எட்டு மாசத்துல வேலைக்கு அப்ளை பண்ணவங்க ஸ்டாண்டிங் அரியர் கட்டத்துல பூஜ்யம்னு போடுறதா வேண்டாமா? அதுக்கு பதில் சொல்ற இடத்துல யாருமே இல்ல.

நடு செமஸ்டர் ஃபார்முலாவுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். இணைப்புக் காலேஜ்ல இன்டர்னலுக்கு வெறும் 20 மார்க்தான் குடுத்திருந்தோம். ஏன்னா காலேஜ் போடுற மார்க்கை நாம முழுசா நம்பல, தன் பசங்களுக்கு காலேஜ் வாரி வழங்கிடும்னு ஒரு பயம், அந்த பயத்துல நியாயமும் இருந்துச்சு. கொரோனா வந்ததும் அதே நம்பாத 20-ஐ எடுத்து பாதி மார்க்கா உக்கார வெக்கச் சொல்லுது ஃபார்முலா. பசங்களோட தப்பு இல்ல இது, பல வருஷமா ஒரே ஒரு மூணு மணி நேரப் பரீட்சை மேல மொத்த பாரத்தையும் ஏத்தி வெச்சிருந்த அமைப்போட தப்பு.

வீட்ல இருந்து பரீட்சை: மூணு விதமா பண்ணிப் பாத்தாங்க

முதல் விதம், ஒரு மணி நேர அப்ஜெக்டிவ். 2020 செப்டம்பர் கடைசியில அண்ணா யூனிவர்சிட்டி கடைசி செமஸ்டருக்கு இப்படித்தான் வெச்சுது. லேப்டாப்லயோ மொபைல்லயோ உக்காந்து சாய்ஸ் தட்டணும், கேமரா பாத்துட்டே இருக்கும்.

ரெண்டாவது விதம், பேனா பேப்பர். சென்னைப் பல்கலைக்கழகம் அதே செப்டம்பர்ல எடுத்த ரூட் இது. கேள்வித்தாள் ஆன்லைன்ல வரும், வீட்ல உக்காந்து ஏ4 பேப்பர்ல எழுதி ஸ்கேன் பண்ணி ஏத்தணும், ஏத்த முடியலைன்னா தபால்ல அனுப்பலாம். புக் பாத்து எழுதினா? தடுக்க வழி இல்ல. வீட்ல உக்கார வெச்சுட்டு புக்கைப் பாக்காதேன்னு சொல்றதுல அர்த்தம் இல்லைன்னுதான் எனக்குப் படுது.

மூணாவது விதம் முதல் விதத்தோட பெரிய சைஸ். 2020 நவம்பர்/டிசம்பர் செமஸ்டரை அண்ணா யூனிவர்சிட்டி 2021 பிப்ரவரியில நடத்துச்சு, எல்லா வருஷத்துப் பசங்களுக்கும், செயற்கை நுண்ணறிவு கண்காணிப்போட. இங்கதான் வெடிச்சுது. ரிசல்ட் ஏப்ரல்ல வந்தப்போ நல்லா படிக்கிறவங்களே ஃபெயில், இன்னும் பெரிய கூட்டத்துக்கு முறைகேடு சந்தேகம்னு ரிசல்ட்டே நிறுத்தி வெச்சாங்க. ஏன்னு புரிய இந்த சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்.

1. வெப்கேம் விட்டு விட்டு படம் எடுக்கும். முகம் தெரியுதா, ஒரே முகமா, கண்ணு ஸ்கிரீன் மேல இருக்கான்னு பாக்கும். மைக்ல பேச்சுக் குரல் கேக்குதான்னும், வேற விண்டோ திறந்தா அதையும் குறிச்சு வைக்கும்.

2. இதுல எதுவுமே காப்பி அடிச்சதுக்கு ஆதாரம் இல்ல. சந்தேகக் குறி மட்டும்தான். அந்தக் குறியை ஒரு மனுஷன் உக்காந்து வீடியோ பாத்து முடிவு பண்ணணும்.

3. இப்போ ஒரு கணக்கு, உதாரணத்துக்கு மட்டும். லட்சம் பேப்பர் எழுதறாங்க, சாஃப்ட்வேர் 100-க்கு 2 தடவை நல்லவனைத் தப்பா குறி வைக்குதுன்னு வெச்சுக்கங்க. 2,000 பேப்பர் சும்மாவே மாட்டும். ஒருத்தன் ஆறு பேப்பர் எழுதினா அவன் ஏதாவது ஒண்ணுல மாட்டுற வாய்ப்பு 100-க்கு 11-க்கும் மேல போயிடும். ரெண்டு சதவீதம்னு கேக்கும்போது சின்னதாத்தான் தெரியும்.

4. யாரை அதிகமா குறி வைக்கும்? தனி ரூம் இல்லாதவனை. பின்னாடி அம்மா நடந்து போவாங்க, பக்கத்து வீட்ல டிவி ஓடும், சாயங்காலம் பல்பு வெளிச்சம் மங்கலா இருக்கும், கரண்ட் போகும், சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஏறி நிப்பான். ஏசி ரூம்ல ஒத்தையா உக்காந்திருக்கிறவன், மானிட்டருக்குப் பின்னாடி சுவத்துல ஃபார்முலா ஒட்டி வெச்சிருந்தாலும் கேமராவுக்கு அவன் உத்தமன்.

கெடுபிடி பண்ணிட்டாங்கன்னு பசங்க பொங்கினாங்க, அப்போ ஆட்சி மாறியிருந்துச்சு, 2021 மே-ல உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிச்சாரு. பழையபடி மூணு மணி நேர விரிவான கேள்வித்தாள், ஃபெயில் ஆனவங்க திரும்ப ஃபீஸ் கட்ட வேண்டாம், பாஸ் ஆனவங்களும் மார்க் கூட்டிக்கணும்னா எழுதலாம். கேமரா கண்காணிப்பை விட்டுட்டு கிட்டத்தட்ட ரெண்டாவது விதத்துக்கே வந்து சேந்தாங்க.

அதோட முடியல. 2021 செப்டம்பர்ல காலேஜ் திறந்தாங்க, நவம்பர்ல நேரடி பரீட்சைன்னு சொன்னதும் ஆன்லைன்ல நடத்தின பாடத்துக்கு ஆன்லைன்லயே பரீட்சை வைங்கன்னு பல ஊர்ல பசங்க ரோட்டுக்கு வந்தாங்க. அரசு டைம் குடுத்து ஜனவரிக்கு தள்ளி வெச்சுது, சரியா ஜனவரியில ஒமிக்ரான் வந்து நின்னுச்சு, கடைசியில 2022 பிப்ரவரியில திரும்பவும் வீட்ல இருந்தே எழுதற மாதிரி ஆச்சு. அதுக்கப்புறம்தான் ஹாலுக்குள்ள போனாங்க.

இதே காலத்துல பக்கத்துலயே இன்னொரு மாதிரி இருந்ததையும் பாக்கணும். ஐஐடி மெட்ராஸ் 2020 ஜூன் 30-ல ப்ரோக்ராமிங், டேட்டா சயின்ஸ்னு ஒரு ஆன்லைன் டிகிரி அறிவிச்சாங்க. பாடம் முழுக்க ஆன்லைன், ஆனா முக்கியமான பரீட்சை சென்டருக்கு வந்து நேர்ல எழுதற மாதிரிதான் அதை வடிவமைச்சிருந்தாங்க. ஐஐடிகள் நடத்துற என்பிடெல் கோர்ஸும் ரொம்ப வருஷமா அப்படித்தான், வீடியோவை யார் வேணும்னாலும் ஓசியில பாக்கலாம், சர்டிஃபிகேட் வேணும்னா காசு கட்டி சென்டர்ல போய் எழுதணும். ஆன்லைன்லயே ஊறினவங்க கூட பரீட்சையை மட்டும் வீட்டுக்கு அனுப்ப யோசிக்கிறாங்கன்னா பிரச்சனை எவ்ளோ ஆழம்னு பாத்துக்கங்க.

கிளாஸ் என்னாச்சு

கூகுள் மீட், ஜூம், கூகுள் கிளாஸ்ரூம், அதுவும் ஓடலைன்னா வாட்ஸப்ல வாய்ஸ் நோட். கேமராவை ஆஃப் பண்ணிட்டு ஐம்பது கருப்புக் கட்டத்துக்கு பாடம் எடுத்த லெக்சரர்களுக்கு அது தனி கொடுமை. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்புப்படி நாட்டுல கிராமத்து வீடுகள்ல கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீதம், இன்டர்நெட் வசதி 14.9 சதவீதம். நகரத்துல 23.4, 42. அதுக்கப்புறம் ஸ்மார்ட்ஃபோன் நிறைய பரவுச்சுன்னாலும், வீட்ல ஒரு ஃபோன், அது அப்பா வேலைக்குப் போகும்போது கூடப் போயிடும்ங்கிற நெலமையில ஆன்லைன் கிளாஸ்ங்கிறது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாக்குற ரெக்கார்டிங்தான்.

அரசு 2021 ஜனவரி 10-ல தினம் 2 ஜிபி டேட்டா இலவசம்னு அறிவிச்சுது, ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும், 9,69,047 மாணவர்களுக்கு. நல்ல திட்டம்தான், ஆனா காலேஜ் மூடி பத்து மாசம் கழிச்சு வந்துச்சு. அடுத்த மாசம் பிப்ரவரி 8-ல எல்லா வருஷத்துக்கும் காலேஜையே திறந்துட்டாங்க (கடைசி வருஷத்துக்கு டிசம்பர் 7-லயே திறந்தாச்சு), மார்ச் கடைசியில ரெண்டாவது அலை வந்து திரும்ப மூடினாங்க.

லேப் தான் உண்மையான நஷ்டம். லேத்தைத் தொடாம மெக்கானிக்கல் செமஸ்டர் ஓடுச்சு, டைட்ரேஷனை யூட்யூப்ல பாத்து ரெக்கார்டு எழுதினாங்க. திறந்த நேரத்துல மொத்தத்தையும் ரெண்டு மூணு வாரத்துல அமுக்கி முடிச்சாங்க. இந்த இழப்பு எந்த மார்க்ஷீட்லயும் தெரியாது, அதனால இதுக்கு யாரும் கேஸும் போடல.

அட்மிஷன்: ரெண்டு வருஷமும் ஒரே மாதிரி இல்ல

2020-ல அட்மிஷனுக்கு பெரிய ஆபத்து இல்ல. பிளஸ் டூ பரீட்சை மார்ச் 24-ல முடிஞ்சிடுச்சு, கடைசி நாள் பஸ் ஓடாம வர முடியாதவங்களுக்கு ஜூலை 27-ல திரும்ப வெச்சாங்க. மார்க் கையில இருந்துச்சு. இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018-லயே ஆன்லைனுக்கு மாறியிருந்துச்சு, மிச்சம் இருந்தது சர்டிஃபிகேட் சரிபாக்குறதுக்கு நேர்ல போறது, அதையும் அப்லோட் பண்ணி ஆன்லைன்லயே முடிச்சாங்க. சுமார் 1.6 லட்சம் பேர் பதிவு பண்ணாங்க. தேதி மட்டும் இழுத்துட்டே போய் ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் ஆரம்பிக்க நவம்பர் ஆயிடுச்சு.

2021-ல நெலமையே வேற. ஜூன் 5-ல முதலமைச்சர் ஸ்டாலின் பிளஸ் டூ பரீட்சையை ரத்து பண்ணாரு. மார்க் போட்ட விதம் இப்படி:

1. 10-ம் வகுப்புல அதிகமா வாங்கின மூணு சப்ஜெக்ட்டோட சராசரியில இருந்து 50 சதவீதம்.

2. 11-ம் வகுப்பு எழுத்துத் தேர்வுல இருந்து 20 சதவீதம்.

3. 12-ம் வகுப்பு ப்ராக்டிகல், இன்டர்னல்ல இருந்து 30 சதவீதம். ப்ராக்டிகல் இல்லாத பாடம்னா 10 மார்க் இன்டர்னலை 30-க்கு மாத்திக்கிட்டாங்க.

கணக்குப் பாடத்துக்கு ஒருத்தனை வெச்சுப் பாப்போம். 10-ல டாப் மூணு சராசரி 96, அதுல பாதி 48. 11-ல கணக்கு 90-க்கு 60 எடுத்திருக்கான், 20-க்கு மாத்தினா 13.3. 12-ல இன்டர்னல் 10-க்கு 10, அது 30. கூட்டினா 91. பிளஸ் ஒன் கணக்குல மூணுல ரெண்டு பங்குதான் எடுத்த பையன் பிளஸ் டூ கணக்குல 91 மார்க்கோட இன்ஜினியரிங் கட்ஆஃபுக்குள்ள நடந்து வர்றான். அந்த 91-ல பாதிக்கு மேல 2019-ல அவன் 10-ம் வகுப்புல தமிழ், சோஷியல் சயின்ஸ்ல எடுத்ததா கூட இருக்கலாம். அப்போ அவனுக்கு இது காலேஜ் சீட்டை முடிவு பண்ணும்னு யாராவது சொன்னாங்களா? அந்த நேரத்துல வேற என்ன பண்ணியிருக்க முடியும்னு கேட்டா எங்கிட்டயும் நல்ல பதில் இல்ல, ஆனா 2021 கட்ஆஃபை மத்த வருஷத்தோட ஒப்பிட்டுப் பேசுறது தப்புன்னு மட்டும் உறுதியா சொல்லலாம்.

8,16,473 பேரும் தேர்ச்சி. எல்லாரும் பாஸ்னா எல்லாருக்கும் சீட் வேணும். அரசு ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல 25 சதவீதம் வரைக்கும் கூடுதல் சீட் குடுத்தாங்க. கிளாஸ் ரூமும் வாத்தியாரும் 25 சதவீதம் கூடலைங்கிறது சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. அதே வருஷம்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு சட்டம் வந்துச்சு. பல பேரு இதையும் கொரோனா சலுகைன்னு நெனைக்கிறாங்க, சம்பந்தமே இல்ல, அது தனிக் கொள்கை முடிவு, கொரோனா போனப்புறமும் அப்படியே இருக்கு.

ஃபீஸ், ஹாஸ்டல்

ஃபீஸ் விஷயத்துல சென்னை ஹைகோர்ட் 2020 ஜூலை 17-ல தனியார் நிறுவனங்களுக்கு ஒரு கணக்கு சொல்லுச்சு, முந்தின வருஷ டியூஷன் ஃபீஸ்ல 40 சதவீதம் முதல்ல வாங்கிக்கலாம், 35 சதவீதம் திறந்தப்புறம். யூஜிசி அந்த வருஷம் நவம்பர் 30-க்குள்ள சீட்டை விட்டா முழு ஃபீஸ் திருப்பித் தரணும், டிசம்பர் 31-க்குள்ள விட்டா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. படிப்பை விட்டு வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு உருப்படியா உதவினது இந்த ரீஃபண்ட் விதிதான், இதைப் பத்தி யாரும் பெருசா பேசினதே இல்ல.

ஹாஸ்டல் கதை வேற. 2020 ஜூன்ல சென்னை மாநகராட்சி அண்ணா யூனிவர்சிட்டி ஹாஸ்டலை கொரோனா சிகிச்சைக்கு கேட்டுச்சு, ரூமுக்குள்ள பசங்க சாமான் எல்லாம் அப்படியே இருக்குன்னு யூனிவர்சிட்டி தயங்குச்சு, கடைசியில மாநகராட்சி எடுத்துக்கிச்சு. மார்ச்ல ரெண்டு வாரம்தானேன்னு ஒரு பேக்கோட ஊருக்குப் போனவங்களோட சர்டிஃபிகேட்டும் புக்கும் அந்த ரூம்ல. டிசம்பர்ல ஐஐடி மெட்ராஸ்ல நூத்துக்கும் மேல ஸ்டூடன்ட்ஸுக்கு தொற்று வந்தப்போ இன்னொரு பாடம் தெரிஞ்சுது. ரூமுக்கு ஒருத்தர்னு போட்டாலும் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே மெஸ்ல மாஸ்க்கைக் கழட்டிட்டு உக்காந்தா ரூம் விதியால பிரயோஜனம் இல்ல. அதுக்கப்புறம் சாப்பாட்டை பேக் பண்ணி ரூமுக்கே குடுத்தாங்க.

அப்போ டிகிரி செல்லுமா

எச்ஆர் கேக்குற கேள்வியும் மேரேஜ் ப்ரோக்கர் கேக்குற கேள்வியும் இதுதான், அதனால தனித்தனியா:

1. 2020-ல டிகிரி முடிச்சவங்க: கடைசி செமஸ்டர் பரீட்சை எழுதித்தான் முடிச்சாங்க, வீட்ல இருந்து எழுதினாலும் அது யூஜிசி அனுமதிச்ச முறை. ஆல் பாஸ்னு சொல்றது தப்பு.

2. 2020 ஏப்ரல்/மே-ல நடு செமஸ்டர்ல இருந்தவங்க: அந்த ஒரு செமஸ்டர் மார்க் மட்டும் ஃபார்முலா. அதுக்கு ஏப்ரல் 29 வழிகாட்டுதல்ல அனுமதி இருக்கு, கோர்ட்டும் கை வைக்கல. எட்டு செமஸ்டர்ல ஒண்ணு, ஆர்ட்ஸ்னா ஆறுல ஒண்ணு.

3. அந்த நேரத்துல அரியர் இருந்தவங்க: 2020 ஆகஸ்ட் அறிவிப்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மார்க்ஷீட்ல அந்த பேப்பருக்கு எந்த மாசம் எந்த வருஷம்னு போட்டு பாஸ் ஏறியிருக்குன்னு பாருங்க. கன்சாலிடேட்டட் மார்க்ஷீட்டும் (எல்லா செமஸ்டரும் சேந்தது) ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் யூனிவர்சிட்டி குடுத்திருந்தா விஷயம் முடிஞ்சுது, ஒரு பேப்பர் கூட நிலுவையில இருந்தா அதைக் குடுத்திருக்கவே மாட்டாங்க.

4. 2021 பிப்ரவரியில ஃபெயில்னு வந்து மறுதேர்வுல பாஸ் ஆனவங்க: ஆன்லைன்ல தேடினா பழைய ரிசல்ட் ஸ்க்ரீன்ஷாட் இன்னும் சுத்திட்டு இருக்கும், கம்பெனிக்கு அதைக் காட்டி விளக்கம் சொல்லிட்டு இருக்க வேண்டியது இல்ல. பரீட்சை கட்டுப்பாட்டு அலுவலர் ஆபீஸ் குடுத்த மார்க்ஷீட்தான் கணக்கு, வெரிஃபிகேஷனுக்கு கம்பெனி எழுதிக் கேட்டாலும் யூனிவர்சிட்டி தன்னோட ரெக்கார்டைப் பாத்துத்தான் பதில் அனுப்பும்.